இல்லாள் பிறந்த தீவு

யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்கு மாமியார் வீடு புதிய இடமன்று. சீதனமாக வந்த வளவிலே குடியேறி, மாமனார் நட்ட பலாவின் கனியை உண்டு, மாமியாரின் கைப்பக்குவத்துக்கு நாவைப் பழக்கி, அந்த வீட்டு விறாந்தையிலேயே முதுமையடைந்தோர் நம்முள் எத்தனையோ பேர். ஆனால் அந்த மாமியார் வீடு 7,600க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட ஒரு நாட்டிலே, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத ஒரு கடற்கரைக் கிராமத்திலே அமைந்துவிட்டால் மாப்பிள்ளையின் நிலை என்ன? பிலிப்பைன்ஸ் நாட்டுப் பனாய்த் தீவுக்கு 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நானும் என் மனைவியும் சென்றுவந்த கதையை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

கதைக்கு வேண்டிய அளவிலே எம்மைப் பற்றி ஒரு சொல். வடமராட்சியிலே பிறந்து, போர்க்காலத்தில் கனடா சென்று, ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோவிலே தங்கிவிட்டவர்களுள் நானும் ஒருவன். அவள் பனாய்த் தீவிலே பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஆசிரியையின் சம்பளத்தில் தம்பியரைப் படிக்கவைக்க இயலாமல், கனடாவிலே முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தாள். வேலை கொள்வோர் வீட்டிலேயே தங்கிப் பணிபுரிந்தால் பின்னர் நிரந்தர வதிவிடம் பெறலாம் என்றதொரு திட்டம் கனடாவில் 1992 முதல் 2014 வரை இருந்தது. அதன்வழியே வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் பல்லாயிரவர். ஸ்கார்பரோவிலே தமிழ்க் கடையும் பிலிப்பினோக் கடையும் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருக்கும். எமது அறிமுகம் நேர்ந்ததும் அத்தகையதொரு கடைத் தொகுதியிலேதான். 2019இல் மணம் செய்துகொண்டோம்.

செய்தியைத் தொலைபேசியில் தந்தைக்குச் சொன்னாள். நான் அருகேதான் இருந்தேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பிறகு அவர் தொலைபேசியை மாமியிடம் கொடுத்துவிட்டார். அந்த மௌனத்தின் பொருள் யாதென்று நேரிலே சென்று கேட்கலாமென்று எண்ணியிருந்தோம். பெருந்தொற்று வந்து வானவழிகள் அடைபட்டன. 2021 ஆகஸ்டில் அவர் காலமானார். மகள் தந்தையின் நல்லடக்கத்தை ஓர் அங்குல அகலக் கைத்தொலைபேசித் திரையிலே பார்த்தாள். ஆகவே எமது பயணம் உல்லாசப் பயணமன்று. ஒரு கல்லறையைக் காணவும், விடை கிடைக்காத ஒரு வினாவைச் சுமந்துகொண்டும் சென்றோம்.

மணிலா விமான நிலையத்திலே எமக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. வெளிநாடு சென்று திரும்பும் தம் மக்களை அந்நாட்டார் 'பாலிக்பாயன்' என்பர். 'பாலிக்' என்றால் மீளுதல்; 'பாயன்' என்றால் நாடு, ஊர். 1989இல் இயற்றி 2002இல் திருத்திய ஒரு சட்டத்தின்படி, இப்படித் திரும்புவோருக்குச் சில சலுகைகள் உண்டு. விசா வேண்டாத நாட்டவரான கணவனோ மனைவியோ கூட வந்தால், அவரும் விசாவின்றி ஓராண்டு தங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இருவரும் ஒன்றாகவே வந்திறங்க வேண்டும். கணவன் காலையிலும் மனைவி மாலையிலும் வந்தால் கணவன் வெறும் சுற்றுலாப் பயணியே. எனவே குடிவரவு அதிகாரியின் முன் எத்தனை தம்பதிகள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனர் என்கிறீர்கள்! விமானத்திலே பதினைந்து மணி நேரம் முகங்கொடுத்துப் பேசாது வந்த ஒரு தம்பதியும் அவ்விடத்திலே கைகோத்து நின்றதைக் கண்டேன். என் மனைவி விவாகப் பதிவுச் சான்றிதழை மடித்த உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். மணிலா மண்ணிலே எனக்கென்று தனியாக ஓர் உரிமையும் இல்லை, இவளுக்குக் கணவன் என்பதொன்றே என் உரிமை என்பதை அந்த முத்திரை எனக்கு உணர்த்தியது.

மணிலாவிலிருந்து பனாய்த் தீவின் இலோயிலோ நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் செல்லும். அங்கிருந்து தெற்கே கடலோரப் பாதை. ஓட்டோன், திக்பாவான், கிம்பால், மியாகாவ் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மியாகாவ் ஊரின் தேவாலயத்தைக் காணாமல் செல்லலாகாது என்றாள் மனைவி. 1797இல் கட்டி முடிக்கப்பட்ட கோட்டை போன்ற கற்கோயில் அது. 1993 முதல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று. அதன் முகப்பிலே புனித கிறிஸ்தோபர் குழந்தை இயேசுவைச் சுமந்து செல்கின்றார். அவர் பற்றிக்கொண்டிருப்பதோ ஒரு தென்னை மரம். பக்கத்திலே பப்பாசி மரமும் கொய்யா மரமும் செதுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியத் துறவியர் வரைந்து கொடுத்ததை உள்ளூர்ச் சிற்பிகள் தங்கள் கொல்லைப்புறத்து மரங்களோடு சேர்த்துக் கல்லில் வடித்துவிட்டனர். நம் கோயிற் கோபுரங்களில் துப்பாக்கி தாங்கிய சிப்பாய்ச் சிலைகளைக் கண்ட எனக்கு அந்தத் தென்னையைக் கண்டதும் ஒருவித நெருக்கம் உண்டாயிற்று.

அன்றைக்கு அவ்வழியெங்கும் வேட்பாளர் முகங்கள். அக்டோபர் 30ஆம் திகதி நாடு முழுவதும் கிராமசபைத் தேர்தல். மரத்துக்கு மரம் சுவரொட்டி. வாய்க்காலுக்கு வாய்க்கால் பதாகை. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை முடியாது. நம்மூர்த் தேர்தலைக் கண்டவருக்கு எழுதவேண்டிய தேவையுமில்லை.

வீட்டை அடைந்தபோது மாலையாகிவிட்டது. கீழ்ப்பாதி சீமெந்து, மேற்பாதி மூங்கில், மேலே தகரம். வாசலிலே நின்ற மாமியைக் கண்டதும் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பற்றித் தன் நெற்றியிலே வைத்துக்கொண்டாள். மூத்தோரிடம் ஆசி பெறும் அந்த வழக்கத்தை 'மானோ' என்பர். நானும் அவ்வாறே செய்தேன். மாமியின் கை சற்றுத் தயங்கியதாக எனக்குப் பட்டது. அது வெறும் பிரமையாகவும் இருக்கலாம்.

தயங்குவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அந்நாட்டிலே நம் நிறமும் நம் முகமும் உடையோரைப் 'பும்பாய்' என்று அழைப்பர். பம்பாயிலிருந்து வந்த சொல். மோட்டார் சைக்கிளிலே வீடு வீடாகச் சென்று வட்டிக்குக் கடன் கொடுக்கும் பஞ்சாபியரே பெரும்பாலான கிராமத்தவர் கண்ட இந்தியர். 'ஐந்துக்கு ஆறு' என்பது அந்த வட்டியின் பெயர்: ஐந்து வாங்கினால் ஆறு திருப்பிக் கொடுக்கவேண்டும். உண்ண மறுக்கும் குழந்தையிடம், 'பும்பாய் வந்து சாக்கிலே போட்டுக்கொண்டு போவான்' என்று தாய்மார் சொல்வதுண்டு. நம்மூரிலே பூச்சாண்டி செய்யும் வேலையை அங்கே அந்தப் பாவப்பட்ட கடன்காரர் செய்கின்றார். ஆகவே நான் வாசற்படியில் ஏறியதும் மனைவியின் தம்பி மகள், ஐந்து வயதுச் சிறுமி, மேசையின் கீழே ஒளிந்துகொண்டதில் வியப்பில்லை. பெரியோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் வெகுதூரம் இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தந்தையாரின் தொலைபேசி மௌனத்தின் பொருள் இதுதானோ என்ற ஐயம் அங்கே முளைத்தது.

இதைப் பின்னர் மனைவியிடம் சொன்னபோது, தான் மாணவருக்குப் போதித்த வரலாற்றுப் பாடமொன்றை நினைவூட்டினாள். பிலிப்பைன்ஸ் மண்ணிலே பெண் கொண்டவர்களுள் நான் முந்தியவனல்லன். 1762இல் ஆங்கிலேயக் கடற்படையொன்று சென்னையிலிருந்து புறப்பட்டு, ஸ்பானியர் வசமிருந்த மணிலாவைக் கைப்பற்றியது. அப்படையிலே சென்னைப் பட்டினத்துச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். 1764இல் ஆங்கிலேயர் நகரை மீள ஒப்படைத்துத் திரும்பியபோது சிப்பாய்களிற் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தா என்னும் ஊரிலே தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அந்த மக்களோடு மக்களாகிவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோர் அங்கே இன்றும் உள்ளனர். சென்னையிலிருந்து சென்ற அந்தக் கூட்டத்திலே தமிழ் பேசியோரும் இருந்திருப்பர் என்று கருத இடமுண்டு. அவர்களுக்கு விவாகப் பதிவுச் சான்றிதழ் யார் கொடுத்திருப்பார்? முத்திரை யார் குத்தியிருப்பார்? மாமியார் முன்னிலையில் என்ன மொழி பேசியிருப்பர்? வரலாறு இவற்றைப் பற்றி எழுதுவதில்லை.

மொழி என்றதும் அன்றிரவு நிகழ்ந்ததொன்றைச் சொல்லவேண்டும். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பகுதியிலே வழங்குவது கினாராய்-ஆ என்னும் மொழி, நகரிலே ஹிலிகைனொன், பள்ளியிலே தகாலொக்கும் ஆங்கிலமும். இந்நான்கிலும் வல்லவளான மனைவியோ உறவினர் கூட்டத்தில் மூழ்கிவிட்டாள். நான் வாசலிலே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே இருப்பதென்று அறியாது நின்றேன். மாமி என் காலணியைச் சுட்டி, மழைச்சாரல் படாத இடத்தில் வைக்குமாறு சைகை செய்து, 'சப்பாத்தோஸ்' என்றார்.

நான் திகைத்தேன். சப்பாத்து! யாழ்ப்பாணத்திலே என் பாட்டனார் வழங்கிய சொல். அடுத்து, நனைந்த தலையைத் துவட்டுவதற்கு ஒன்றைக் கொண்டுவந்து தந்து 'துவால்யா' என்றார். நாம் துவாய் என்கின்றோமே, அதுதான். உணவு வைத்த இடத்தைக் காட்டி 'லமேசா' என்றார், நமது மேசை. நம் கரையோரத்திலே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களும், அத்தீவிலே ஸ்பானியர் விட்டுச்சென்ற சொற்களும் உடன்பிறந்தவை அல்லவா? இரண்டு வெள்ளையர் இரண்டு தீவுகளை அடிமை கொண்டதன் பயனாக, நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு மாமியும் மருமகனும் ஒரு துவாயைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது. அன்றிரவு நான் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டேன். அவர் சலிப்பின்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கதிரைமட்டும் ஒத்துவரவில்லை. அவர்களுக்கு அது 'சில்யா'.

இன்னும் ஆழமான உறவுகளும் உண்டு. தகாலொக் மொழியிலே முகத்துக்கு 'முக்கா', நம்பிக்கைக்கு 'ஆசா', ஏழைக்கு 'டுக்கா', ஆசிரியருக்கு 'குரோ'. வடமொழிச் சொற்கள் மலாய்த் தீவுகளின் வழியே அங்கு சென்று சேர்ந்தவை. துக்கம் என்ற சொல் அங்கே வறுமையைக் குறிப்பதைப் பற்றி நான் வெகுநேரம் யோசித்தேன்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வூராருக்கு மூன்று வேளையும் சோறு. பிலிப்பைன்ஸ் உணவிலே பன்றி இன்றியமையாதது. நானோ அதை உண்பதில்லை. இலோயிலோப் பகுதியின் பெயர்பெற்ற குழம்பொன்று உண்டு. கரிய துவரையும் பலாக்காயும் பன்றியிறைச்சியும் சேர்ந்தது. மாமி அதனைப் பன்றி நீக்கி, மீன் சேர்த்து எனக்கெனத் தனிச் சட்டியில் ஆக்கியிருந்தார். புளிப்புக்கு அவர் சேர்த்த 'பத்வான்' என்னும் காயை முகர்ந்து பார்த்தேன். நமது கொறுக்காய்ப்புளியின் இனம், வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. பலாக்காயைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்றேன். 'லங்கா' என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டு, 'ஸ்ரீ லங்கா' என்றேன். மாமி ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தம் மகள் ஒரு பலாக்காயைக் கட்டிக்கொண்டாள் என்ற செய்தி மறுநாட் காலைக்குள் கிராமம் முழுதும் பரவிவிட்டது. பும்பாயிலிருந்து பலாக்காயாக உயர்ந்தேன். உயர்வுதான்.

இத்தனை இனிமைக்கும் நடுவே மூன்றாம் இரவு எனக்கும் மனைவிக்கும் பிணக்கு உண்டாயிற்று. மறைக்க விரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. வருகையில் கொண்டுவரும் பரிசிற்குப் 'பசாலுபொங்' என்று பெயர். நம் சங்கப் புலவர் கையுறை என்பர். இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் நிறையச் சவர்க்காரமும் சொக்கலேட்டும் சப்பாத்தும் கொண்டுபோயிருந்தோம். அது போதாது. உறவினருக்கெல்லாம் விருந்து. விருந்துக்கு முழுப் பன்றி ஒன்று. ஒன்றுவிட்ட தம்பியின் கல்லூரிக் கட்டணம். சமையற்கட்டின் கூரை. வந்தவர் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்பது அவர்கள் பண்புக்கு இழுக்கு. ஆனால் ஒவ்வொருவர் குறையும் எப்படியோ மனைவியின் காதுக்கு வந்துகொண்டிருந்தது. நான் இரவிலே தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மக்களிடையே ஊடலுக்குத் 'தம்போ' என்றொரு பெயர் உண்டு: சண்டையிடுவதில்லை, குற்றஞ்சாட்டுவதில்லை, அன்புள்ளவர் தாமே அறிந்து வந்து தேற்றும்வரை மௌனமாயிருப்பது. திருவள்ளுவர் மூன்று அதிகாரங்களே வகுத்த பொருள் அது என்று எண்ணி என்னை நானே தேற்றிக்கொள்ள முயன்றேன். பலிக்கவில்லை.

விடியுமுன் அவளே பேசினாள். "உன் தங்கையர் இருவர் கலியாணத்துக்கு நீ எத்தனை ஆண்டு இரவு வேலை செய்தாய்?" என்றாள்.

"எட்டு ஆண்டு."

"அப்போது யாராவது உன் பக்கத்தில் இருந்து தாளிலே கணக்குப் போட்டார்களா?"

இதற்கு மறுமொழி இல்லை. உண்மையில் அந்நாடு முழுவதும் இத்தகைய கணக்கிலேதான் நிற்கின்றது. வெளிநாட்டிலே உழைப்போர் ஆண்டுதோறும் 30 பில்லியன் டொலருக்கு மேல் அனுப்புகின்றனர். 1974ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் மூலம் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசே ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. பின்னர் அவர்களைப் 'புதிய வீரர்' என்று அரசுத் தலைவர்கள் புகழ்ந்தனர். வீரர் என்ற பட்டம் கொடுப்பது எளிது. என் மனைவியோடு கல்லூரியிலே பயின்ற ஆசிரியைகள் பலர் ஹொங்கொங்கிலே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரிக் கொண்டிருக்கின்றனர். அவர்களின் சொந்தப் பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கின்றனர். நமது மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வளைகுடா சென்ற தாய்மாரை அறிந்தவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா? கூரைக்கான தகரத்தை மறுநாள் நானே சென்று வாங்கிவந்தேன். கணக்குத் தாளையும் கிழித்தேன். ஆயினும் கனடா திரும்பியபின் அந்தக் கடன் தீர ஏழு மாதம் சென்றது என்பதையும் இங்கே எழுதிவைக்கின்றேன்.

பிலிப்பைன்ஸ் மக்களின் தேசிய வீரர் ஹோசே ரிசால் என்பதை அறியாத தமிழ் ஆசிரியர் இருக்கமாட்டார். அவர் வாழ்வையும் நூல்களையும் கல்லூரிகளிலே கட்டாயம் கற்பிக்க வேண்டுமென்று 1956இல் சட்டமே இயற்றினர். அவர் 1882 மே மாதம் ஸ்பெயின் செல்லும் வழியிலே காலியிலும் கொழும்பிலும் இறங்கியவர். கொழும்பின் அழகைத் தம் குறிப்பேட்டிலே மெச்சி எழுதியவர். மனைவி இதனை முன்னமே எனக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கின்றாள். ஆனால் அந்தப் பயணத்தின்போது எனக்கு ஆறுதல் தந்தது அவர் வாழ்வின் மற்றொரு பகுதி. ஸ்பானியர் அவரைத் தப்பித்தான் என்னும் ஊருக்கு நாடு கடத்தியிருந்த காலத்திலே, 1895இல், ஹொங்கொங்கிலிருந்து வந்த ஐரிஷ் பெண்ணான ஜோசபின் பிராக்கனை அவர் விரும்பினார். பாதிரியார் மணம் செய்துவைக்க இணங்கவில்லை. ரிசாலின் சகோதரியர் அந்த அந்நியப் பெண்ணை ஒற்றராக இருக்கலாமென்றும் ஐயுற்றனர். அவளோ அந்த வீட்டிலே சமைத்தாள், தைத்தாள், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓரத்திலே இருந்தாள். 1896 டிசம்பர் 30ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்படும்வரை அந்த ஐயம் முற்றாக நீங்கியதாகத் தெரியவில்லை. தேசத்தின் தந்தை என்று போற்றப்படுபவரின் வீட்டிலேயே அந்நியத் துணைக்கு இந்தக் கதி என்றால், மேசையின் கீழ் ஒளிந்த சிறுமியிடம் நான் என்ன குறை காண்பது?

நவம்பர் முதலாம் திகதி வந்தது. அன்று அந்நாடு முழுவதும் இறந்தோர் நினைவு நாள், 'உண்டாஸ்' என்பர். பேருந்துகளும் கப்பல்களும் நிறைந்து வழியும். நகரத்திலே வேலை செய்வோரெல்லாம் ஊருக்கு வருவர். முதல் நாளே கல்லறைகளைக் கழுவி வெள்ளையடிப்பர். மாலையானதும் குடும்பம் குடும்பமாக மயானத்துக்குச் சென்று, மலர் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அங்கேயே உண்டு, பேசி, சீட்டாடி, சிலர் இரவு முழுவதும் தங்குவர். மயானம் என்றாலே தலையில் நீர் தெளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் வழக்கமுடைய எனக்கு, கல்லறையின்மேல் பாயை விரித்துச் சோறு பரிமாறும் காட்சி முதலில் கூச்சமாக இருந்தது. சிறிது நேரத்தில் கூச்சம் அகன்றது. குழந்தைகள் கல்லறைகளுக்கிடையே ஓடி விளையாடினர். யாரோ ஒருவர் கிற்றார் வாசித்தார்.

மாமனாரின் கல்லறை மதிலோரத்திலே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சீமெந்து அறைகளுள் இரண்டாவது வரிசையில் இருந்தது. மனைவி அதன் முன்னே நின்றாள். அழுவாள் என்று எண்ணினேன். அழவில்லை. பெயரைச் செதுக்கியவன் ஓர் எழுத்தைப் பிழையாகச் செதுக்கிவிட்டதைக் கண்டு, ஆசிரியை அல்லவா, தம்பியை அதட்டினாள். பிறகு அந்த எழுத்தின்மேல் கையை வைத்தபடியே வெகுநேரம் நின்றாள்.

மாமி என்னைப் பக்கத்தில் அழைத்து ஏதோ கேட்டார். மனைவி மொழிபெயர்த்தாள்: "உன் அப்பாவின் கல்லறை எங்கே என்று அம்மா கேட்கிறா."

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. எங்கள் வழக்கத்திலே கல்லறை இல்லை, எரிப்போம், சாம்பலைக் கடலில் கரைப்போம் என்றேன். 1998இல் அவர் இறந்தபோது நான் கனடாவில் இருந்தேன், போகப் பாதையில்லை. கீரிமலைக்குச் செல்லவும் அந்நாளிலே வழியில்லை. பருத்தித்துறைக் கடலிலே கரைத்ததாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதமும் இரண்டு மாதம் கழித்தே வந்தது. இவ்வளவையும் மனைவி சொல்லச் சொல்ல மாமி தலையசைத்துக் கேட்டார். பின்பு பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு எழுந்து, என்னையும் வருமாறு சைகை செய்தார்.

அந்த மயானத்தின் நடுவிலே ஒரு பெரிய சிலுவை இருந்தது. அதன் அடியிலே நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. தூரதேசத்தில் புதைக்கப்பட்டோருக்கும், கடலில் மாண்டோருக்கும், கல்லறை இன்ன இடமென்று அறியப்படாதோருக்கும் அங்கேதான் விளக்கேற்றுவார்களாம். மாமி மெழுகுவர்த்தியை என் கையிலே தந்தார். காற்றுப் பலமாக இருந்தது. இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை மாமி தம் இரு கைகளையும் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டார். ஏற்றினேன். நீறு பூசுவதா, சிலுவை போடுவதா, என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினேன். மாமியும் என்னைப் பார்த்துத் தாமும் கைகூப்பினார்.

திரும்பி நடக்கும்போது கேட்கத் துணிந்தேன். நான்கு ஆண்டுகளாக நெஞ்சிலே கிடந்த கேள்வி. "அன்று தொலைபேசியிலே அப்பா ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று மனைவியிடம் கேட்டு, மாமியிடம் சொல்லச் சொன்னேன். மாமி சற்றே நின்றார். தம் மகளிடம் சில வார்த்தை சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

"என்ன சொன்னா?"

"அப்பா எப்போதும் அப்படித்தானாம். தொலைபேசியிலே பேச வெட்கமாம். அன்று இரவு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், அவன் சோறு சாப்பிடுவானா என்று."

"அம்மா என்ன சொன்னா?"

"சாப்பிடுவான் என்றாவாம். அப்பா மேலே ஒன்றும் கேட்கவில்லையாம்."

இது சம்மதமா, அல்லவா? மாமி ஆறுதலுக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம் என்று பின்னர் மனைவியே சொன்னாள். நான் அதை ஆராயவில்லை.

கல்லறையடியிலே குழந்தைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி எடுத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தனர். எவருடைய உருண்டை பெரிது என்பதிலே அவர்களுக்குள் போட்டி. மேசையின் கீழ் ஒளிந்த மருமகளும் அக்கூட்டத்தில் இருந்தாள். எங்கள் சிலுவையடி மெழுகு இன்னும் உருகி முடியவில்லை என்பதில் அவளுக்குப் பெருங்கவலை.

நாங்கள் புறப்பட்ட நாட் காலையிலும் மழை தூறியது. ஜீப்னி வண்டி ஒழுங்கைமுகத்திலே வந்து ஒலியெழுப்பியது. அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி அமைத்ததிலே பிறந்த வண்டி அது. பொறுமை அதற்கும் இல்லை, ஓட்டுநருக்கும் இல்லை. நான் அவசரமாக வாசலுக்கு வந்தேன். மாமி என் காலணிகளை நனையாத இடத்திலிருந்து எடுத்துவந்து, முனை வெளியே பார்த்தபடி படியிலே வைத்திருந்தார்.

"சப்பாத்து," என்றார். 'ஓஸ்' இல்லை.

காலை உள்ளே விட்டேன். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். நெல்லிக்காயளவு மெழுகுருண்டை. கதவின் பின்னாலே யாரோ சிரித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.